நேராகப் போகாத சன்னம்

அந்தச் சன்னங்களைக் கொண்டுபோய் எறிந்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

என் கணவர் பாரிசவாதம் வந்து விழுந்த இரண்டாவது வாரம் அது. சிட்னி ஆஸ்பத்திரி ஒன்றில் வலது கையும் வலது காலும் அசையாமல், பேச்சும் போய்க் கிடந்தார். அவருக்கு மாற்று உடுப்பு எடுப்பதற்காக, மலைகளைத் தாண்டி இரண்டரை மணி நேரம் கார் ஓடி, எங்களுடைய ஆட்டுப்பண்ணைக்குப் போயிருந்தேன். அங்கே தகரக் கொட்டிலில் அவருடைய வேலை மேசை இருந்தது. மேசைக்கு மேலே இரண்டு தட்டுகள். தட்டுகளில் வரிசையாக ஊறுகாய்ப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் செம்பு நிறத்தில் விரல் நுனியளவு சன்னங்கள், வகை வகையாக.

நரி சுடுவதற்காக அவர் ஒரு பழைய சின்னத் துவக்கு வைத்திருந்தார். கடையில் விற்கும் தோட்டாக்கள் அந்தத் துவக்கில் சரிவரப் போகவில்லை என்று, தோட்டாக்களைத் தானே செய்வார். வெடித்து முடிந்த பித்தளைக் கோதைத் திரும்ப எடுத்து, அடியில் புது எரியூட்டி வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே பாய்ந்து போகிற முனையான சன்னத்தை அழுத்திப் பொருத்துவது. அவருக்கு அது தியானம் மாதிரி. நான் அந்தப் பக்கமே போனதில்லை.

துவக்கையும் மருந்தையும் செய்து வைத்த தோட்டாக்களையும் துவக்குக் கடைக்காரர் ஏற்கெனவே வந்து எடுத்துப்போயிருந்தார். உரிமம் உள்ள ஆள் இல்லாத வீட்டில் அவை இருக்கக்கூடாது. போத்தல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. நான் அவற்றை ஒவ்வொன்றாக ஒரு வாளிக்குள் கவிழ்த்தேன். வாளியைக் காரில் ஏற்றிக் குப்பை கொட்டும் இடத்துக்குக் கொண்டுபோய், பழைய இரும்புக் குவியலில் கொட்டினேன். போத்தல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி வைத்தேன். அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

என் தம்பி யாழ்ப்பாணத்தில் சூடுபட்டுச் செத்தவன். பதினேழு வயது. சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. எந்தப் பக்கத்துத் துவக்கு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆகவே, இத்தனை வருடம் கழித்து ஒஸ்ரேலியாவில் என் கணவர் துவக்கு வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது, நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினேன். "வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது" என்றேன். அவர் கொண்டுவரவில்லை. கொட்டிலில் பெட்டகம் வைத்துப் பூட்டினார்.

அவர் மேற்கு சிட்னியில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தவர். மயிரிழை பிசகாமல் இரும்பைச் சீவுகிற கை. ஓய்வு பெற்றதும் நிலம் வாங்கி ஆடு வளர்க்கப் போகிறேன் என்று நின்றார். நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கிழமை நாட்களில் சிட்னியில், கிரவீன் வீட்டில் நான், பண்ணையில் அவர். சனி, ஞாயிறு நான் அங்கே போவேன். அப்படித்தான் இருந்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கிரவீனுக்குக் கொண்டுவந்தேன். பக்கத்துப் பென்டில் ஹில்லில் இருந்து தெரிந்த சனமெல்லாம் சாப்பாட்டுப் பெட்டிகளோடு வந்தது. வந்தவர்கள் அவருடைய தலைக்கு மேலால் என்னோடு கதைத்தார்கள். "இப்ப சாப்பிடுறாரோ? நித்திரை கொள்ளுறாரோ?" அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மாதங்கள் போயின. கை கொஞ்சமும் வரவில்லை. காலில் சிறிது பலம் வந்தது. பேச்சில் இரண்டே சொல் வந்தது. ஒன்று 'ஓம்'. மற்றது 'குசினி'.

ஏன் குசினி, ஏன் சமையலறை என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் குசினி. காலில் குளிர்கிறது என்றாலும் குசினி. கோபத்திலும் குசினி. ஓம் என்றால் ஓம் என்று அர்த்தமுமில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எனக்கு விளங்கப்படுத்தினாள். அவருக்கு உள்ளே எல்லாம் தெரியும், வெளியே வருகிற சொல்தான் வேறு, ஆமோ இல்லையோ என்று கேட்டால் எதற்கும் ஓம் என்றுதான் வரும், அதை நம்பாதீர்கள் என்றாள்.

ஒரு சனிக்கிழமை அவரைக் காரில் ஏற்றிப் பண்ணைக்குக் கொண்டுபோனேன். அயல் பண்ணைக்காரர் ஒருவர் அதுவரை எங்கள் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலியோரம் சக்கரக் கதிரையை நிறுத்தினேன். ஒரு கிழட்டு ஆடு வந்து அவருடைய சட்டைக் கையைச் சப்பியது. அவர் சிரித்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு. அடுத்த மாதமே நான் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு பண்ணைக்கு வந்துவிட்டேன். கிரவீன் வீட்டை வாடகைக்குக் கொடுத்தோம்.

அது குட்டி போடுகிற காலம். நரிகளுக்கு அது எப்படித் தெரியுமோ தெரியாது. முதல் குட்டியை நான் விடியக் கண்டேன். முழுதாகப் பிறந்து முடியவில்லை. தாய் எழும்ப முடியாமல் கிடந்தது. குட்டியின் முகத்தை மட்டும் நரி தின்றுவிட்டுப் போயிருந்தது. நான் ஒரு சாக்கால் மூடுவதற்குள் அவர் கண்டுவிட்டார். இடது கையால் தன்னுடைய நெற்றியில் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அந்த ஒரு கையில் அவ்வளவு பலம் இருந்தது.

அந்த முறை ஒன்பது குட்டிகள் பிறந்தன. இரண்டு மிஞ்சின. மின்வேலி போட்டேன். கீழே தோண்டிக்கொண்டு வந்தன. கொட்டிலில் அடைத்தேன். தகரத்தின் அடியைக் கிளப்பிக்கொண்டு வந்தன. நஞ்சு வைக்கச் சொன்னார்கள். எங்களிடம் வயதுபோன நாய் ஒன்று இருந்தது, கண்டதையெல்லாம் வாயில் வைக்கும். அயல் பண்ணைக்காரர் இரண்டு முறை வந்து ஒரு நரியைச் சுட்டார். பிறகு அவருக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை. ஒவ்வொரு செத்த குட்டிக்கும் என் கணவர் நெற்றியில் அடித்தார். நெற்றி கன்றிப்போய் இருந்தது. பார்க்க வந்த தாதி, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

மெல்பேர்ணில் இருக்கிற மகள் தொலைபேசியில் சொன்னாள்.

"அம்மா, ஜஸ்ட் செல் தெம். வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ ரெண்டு பேரும்."

"வித்தா அப்பா எழும்பமாட்டார்."

"யூ டோன்ட் நோ தட்."

"எனக்குத் தெரியும்."

"அப்ப என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டாள்.

"துவக்குக்கு லைசென்ஸ் எடுக்கப்போறன்" என்றேன். அதைச் சொல்லும் வரைக்கும் எனக்கே அது தெரியாது.

பாதுகாப்பு வகுப்பில் நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் அறுபதை நெருங்கியவள். முதல் வெடி கேட்டதும் நான் நிலத்தில் குப்புறக் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்றே தெரியாது. உடம்பு தானாகச் செய்தது. பயிற்றுனர் வந்து பக்கத்தில் முழங்காலிட்டு, இன்றைக்குப் போதும், வேண்டுமானால் வேறொரு நாள் வரலாம் என்றார். மண்ணைத் தட்டிவிட்டு, இன்றைக்கே முடிக்கிறேன் என்றேன். அன்றைக்கு முடிகிற வரைக்கும் ஒவ்வொரு வெடிக்கும் முழங்கால் மடிந்தது. விழவில்லை, அவ்வளவுதான்.

உரிமம் வர மாதங்கள் எடுத்தன. கடைக்காரர் துவக்கைத் திருப்பித் தந்தபோது, என் கணவர் செய்து வைத்திருந்த தோட்டாக்களையும் தந்தார். பதினொன்று. நான் ஒரு வைக்கோல் கட்டை மண்மேட்டில் சாத்தி, அதில் கடதாசி ஒட்டி, நூறு மீற்றர் தள்ளிப் படுத்துச் சுட்டுப் பழகினேன். எட்டுத் தோட்டா முடிந்தது. ஓட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. துவக்கென்றால் இப்படித்தான் சுடும் என்று நினைத்தேன். அந்தப் பதினொன்றும்தான் அவர் இரண்டு வருடமாகத் தேடிக் கண்டுபிடித்த கலவை என்பதும், உலகத்தில் இனி அது இல்லை என்பதும் எனக்குத் தெரியாது.

மீதி மூன்றையும் நரிக்குச் சுட்டேன். விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றும் வெறும் நிலத்தில் போயின.

பிறகு கடைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கினேன். அதே மேடு, அதே வைக்கோல், அதே நான். ஓட்டைகள் அப்பச்சட்டி அகலத்துக்குச் சிதறின. பிழை என்னுடையது என்று நினைத்தேன். மூச்சை அடக்கிப் பார்த்தேன். மணல் பையில் துவக்கைச் சாய்த்துப் பார்த்தேன். சிதறல் குறையவில்லை.

இரண்டாம் முறை குட்டி போடுகிற காலம் குளிர் முடியும் முன்பே தொடங்கிவிட்டது. ஒரு விடியலில் ஒரு நரி, பிறந்து அரை மணி நேரமாகாத குட்டியை நோக்கி நடந்து வந்தது. நான் சுட்டேன். அது விழுந்து, எழும்பி, பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டு முட்பற்றைக்குள் போனது. போகும்போது அது கத்திய சத்தம் ஒரு பெண் கத்துகிற மாதிரி இருந்தது. அந்தப் பற்றையை மத்தியானம் வரை தேடினேன். இரத்தம் இருந்தது. நரி இல்லை. கைகளெல்லாம் முள்ளுக் கீறலோடு வந்து கொட்டில் வாசலில் இருந்தேன். ஒரு உயிரை எடுப்பதென்று முடிவெடுத்துவிட்டுப் பாதியில் விட்டவளாக இருந்தேன்.

அன்றைக்குத்தான் அவருடைய குறிப்புக் கொப்பியைத் திறந்தேன். அதை நான் எறியாததற்குக் காரணம், உள்ளே அவருடைய கையெழுத்து இருந்ததுதான். இனி அவர் எழுதமாட்டார் என்று அப்போதே தெரிந்திருந்தது. பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மருந்தின் பெயர் இருந்தது. சன்னத்தின் பெயர் எங்கேயும் இல்லை. 'கீழ்த்தட்டு, ஐந்தாவது போத்தல், மோசம்.' 'மேல்தட்டு, இரண்டாவது, பரவாயில்லை.' கடைசிப் பக்கத்தில், அடியில் இரண்டு கோடு கீறி: 'மேல்தட்டு, இடமிருந்து மூன்றாவது போத்தல். இதுதான்.'

எழும்பிப் போய் அந்தத் தட்டைப் பார்த்தேன். தூசியில் போத்தல் இருந்த வட்டங்கள் அப்படியே இருந்தன. இடமிருந்து மூன்றாவது வட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் போத்தலில் குசினிக்குள் நான் சீரகமோ மிளகோ போட்டு வைத்திருந்தேன்.

அவரிடம் போனேன். கொப்பியைக் காட்டினேன்.

"இஞ்சேருங்கோ, இந்த மூண்டாவது போத்தலுக்க என்ன சன்னம் இருந்தது?"

"குசினி" என்றார்.

கடையின் விலைப்புத்தகத்தில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இதுவோ?" ஓம் என்றார். "அப்ப இது?" ஓம் என்றார். "இது?" ஓம். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. நான் புத்தகத்தை மூடினேன். நான் சன்னங்களை எறிந்த கதை அவருக்குத் தெரியுமா என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. வெறும் தட்டை அவர் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நானே செய்து பார்ப்பதென்று முடிவெடுத்தேன். ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் துளி துளியாக அளந்தவள். தராசும் கையேடும் இருந்தால் எதையும் அளக்கலாம் என்று நினைத்தேன். மருந்தின் பெயர்தான் கொப்பியில் இருக்கிறதே. சன்னம் மட்டும்தான் தெரியாது. கடைக்குப் போய், அந்த மருந்தும் எரியூட்டியும் வாங்கிக்கொண்டு, பாரம் கூடின நல்ல சன்னம் ஒரு பெட்டி கேட்டேன். பாரம் கூடினால் காற்றில் அசையாது, உறுதியாகப் போகும் என்பது என்னுடைய நினைப்பு. கடைக்காரர் எந்தத் துவக்குக்கு என்று கேட்டார். குழல் அளவு இருபத்திரண்டு என்று மட்டும் சொன்னேன். அவசரம். ஆடு ஒன்று அன்றைக்கோ நாளைக்கோ குட்டி போட நின்றது.

அவருடைய மேசையில் முதல் தடவையாக இருந்தேன். கையேட்டில் சொல்லியிருந்த மிகக் குறைந்த அளவு மருந்திலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு கோதுக்கும் நிறுத்து, திரும்ப நிறுத்து, புனலால் ஊற்றி, சன்னத்தை மேலே வைத்து, பொருத்துகிற கருவியின் பிடியை அழுத்தினேன். பதினைந்து செய்ய ஒரு பின்னேரம் போனது. ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சுட்டேன். பதினைந்தில் ஆறு கடதாசியிலேயே படவில்லை. பட்டவை கடைத் தோட்டாவைவிட மோசமாகச் சிதறியிருந்தன. மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். சன்னத்தை ஆழமாகப் பொருத்திப் பார்த்தேன். பிறகு சன்னத்தையே மாற்றினேன், இன்னும் பாரமான ஒன்றுக்கு. அது எங்கே போகிறதென்றே தெரியவில்லை. அந்தப் பத்து நாளில் மூன்று குட்டிகள் போயின. விடியப்புறம் ஆடுகளோடு நிற்பேன், பகலில் அவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுப்பேன், பின்னேரம் மேசையில் இருப்பேன். என்னுடைய சாப்பாடு பாணும் சம்பலும். தலை இழுத்துச் சீவி எத்தனை நாளென்று தெரியாது. கண்ணாடியில் பார்த்தபோது யாரோ ஒருத்தி நின்றாள்.

ஒரு மத்தியானம் சுட்ட கடதாசியைப் பிய்த்துக்கொண்டு வந்து, விறாந்தையில் அவருக்கு முன்னால் இருந்த மேசையில் எறிந்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் விழுந்தேன். அழக்கூட வரவில்லை.

அவர் கடதாசியை இடது கையால் இழுத்தார். ஒரு ஓட்டையில் விரலை வைத்தார். தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "குசினி" என்றார்.

நான் பார்க்கவில்லை.

"குசினி. குசினி."

பசிக்கிறதென்று நினைத்தேன். "கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். அவர் மேசையில் கிடந்த பேனையை எடுத்தார். நுனியில் நிறுத்தி, இரண்டு விரலால் சுழற்றிவிட்டார். அது உடனே விழுந்தது. திரும்ப எடுத்துச் சுழற்றினார். விழுந்தது. பிறகு உடம்பைச் சரித்து, விறாந்தைத் தரையில் கிடந்த யூக்கலிப்டஸ் காய் ஒன்றைப் பொறுக்கினார். பம்பரம் மாதிரிக் கூம்பலாக, காம்பு வைத்த காய். அதைச் சுழற்றினார். அது நின்று சுழன்றது. இடக்கைப் பழக்கமில்லாத மனிதர், இருந்தும் நன்றாகச் சுழற்றினார். திரும்பவும் பேனை. விழுந்தது. திரும்பவும் காய். சுழன்றது. நாலாம் தரம், ஐந்தாம் தரம்.

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது.

"நான் இஞ்ச சாகிறன், நீங்கள் இருந்து விளையாடுறியள்" என்று கத்தினேன். முப்பத்து நான்கு வருடத்தில் அவரைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. அவருடைய கை காயின் மேல் அப்படியே நின்றது. வாய் கோணியது. சத்தமில்லாமல் அழுதார்.

நான் எழும்பி உள்ளே போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று திரும்பி வந்தேன். அவர் அசையவில்லை. பேனை கடதாசிக்கு மேல் விழுந்து கிடந்தது. அதைத் தூக்கப் போனவள் நின்றேன். பேனைக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டை வட்டமாக இல்லை. நீளமாக இருந்தது. சன்னம் படுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்குமோ அப்படி. மற்றதைப் பார்த்தேன். அதுவும் நீளம். எல்லாமே நீளம். பத்து நாளாக எங்கே பட்டது என்று மட்டும் பார்த்தேன், எப்படிப் பட்டது என்று பார்க்கவேயில்லை.

துவக்குக் குழலின் உள்ளே சுருள் சுருளாகக் கீறியிருக்கும், அதுதான் சன்னத்தைச் சுழற்றி அனுப்பும் என்று அவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு ம் போட்டிருப்பேன். இது பழைய துவக்கு. சுருள் மெல்லத்தான் சுற்றும். அந்தச் சுழற்சி ஒரு குட்டையான சன்னத்தை நிமிர்த்தி வைக்கப் போதும். நீளமான சன்னத்துக்குக் காணாது. அது பேனை மாதிரித் தள்ளாடி, படுத்துக்கொண்டுதான் போகும். நானோ பாரம் பாரம் என்று, ஒவ்வொரு முறையும் இன்னும் நீளமானதைத் தேடி வாங்கியிருக்கிறேன்.

அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன்.

"நீளம் கூடிப்போச்சோ? அதாலதான் விழுகுதோ?"

அவர் ஓம் என்று சொல்லவில்லை. யூக்கலிப்டஸ் காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். "குசினி" என்றார், மெதுவாக.

"கத்தினதுக்குக் குறைநினைக்காதேங்கோ" என்றேன். "போத்தலுக்க இருந்த சன்னம் எல்லாத்தையும் நான்தான் எறிஞ்சனான். உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் என் தலையில் கையை வைத்தார். அது ஓமா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் கடையில், துவக்கு எந்த வகை, எவ்வளவு பழையது என்று எல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் அதை வாசித்துவிட்டு, நான் முதலில் வாங்கிய பெட்டியை நினைத்துத் தலையை ஆட்டினார். இருந்ததிலேயே குட்டையான, தட்டையான அடியுள்ள, பாரம் குறைந்த சன்னம் ஒரு பெட்டி எடுத்து வைத்தார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு பருப்பு மணியை இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. அதையா அன்றைக்கு வாளிக்குள் கவிழ்த்தேன்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கோபத்தில் பார்க்கிறவளுக்கு எல்லாச் சன்னமும் ஒன்றுதான்.

திரும்பவும் மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கினேன். மூன்று அளவு மருந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா. இந்த முறை மேசையை விறாந்தைக்கு இழுத்துவந்து அவருக்கு முன்னால் வைத்துச் செய்தேன். நான் சன்னத்தைப் பொருத்தும்போது அவர் பிடியில் கை வைத்து, நான் அழுத்துகிற வேகத்தைக் குறைத்தார். இரண்டு இடத்தில் கோதைத் தட்டிவிட்டார். எடுத்துப் பார்த்தேன். கழுத்தில் மயிரளவு வெடிப்பு இருந்தது. எனக்குத் தெரிந்திருக்காது.

முதல் ஐந்து: உள்ளங்கை அளவுக்குள், எல்லாம் வட்ட ஓட்டை. அதைப் பார்த்ததுமே ஓடிப்போய்த் திரும்பப் படுத்தேன். இரண்டாவது ஐந்து கொஞ்சம் கிட்ட வந்தது. மூன்றாவது ஐந்தில் மூன்று ஓட்டைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றன. மற்ற இரண்டும் பக்கத்தில். ஐந்தையும் ஒரு ஐம்பது சதக் காசால் மூடலாம். கடதாசியை அவரிடம் கொண்டுவந்தேன். அவர் ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தார். சரி என்று தலையாட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை. தொழிற்சாலையில் ஒருவன் செய்த சாமானைப் பரிசோதித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிற மாதிரி, கடதாசியைத் தள்ளி வைத்தார்.

நான்காம் நாள் விடிய உறைபனி. ஆடுகளின் முதுகெல்லாம் வெள்ளை. முதல் நாள் பிறந்த இரட்டைக் குட்டிகள் தாயின் வயிற்றடியில் நின்றன. நரி வேலியோரமாக வந்தது. அவசரமேயில்லை. இங்கே ஒன்றும் நடக்காது என்று அதற்குப் பழகியிருந்தது. நான் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் முழங்காலில் இருந்து, தொட்டி விளிம்பில் துவக்கைச் சாய்த்திருந்தேன். ஆடுகளை விட்டு அது விலகி நிற்கும்வரை காத்திருந்தேன். அது நின்று, தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தது. சுட்டேன். நின்ற இடத்திலேயே சரிந்தது. கால்கூட உதறவில்லை. சத்தமில்லை.

நான் துவக்கைத் திறந்து வெறுமையாக்கிவிட்டு அப்படியே இருந்தேன். தம்பிக்கும் இப்படித்தான் சத்தமில்லாமல் நடந்திருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி இருந்திருக்க வேண்டும் என்று எவ்வளவோ வருடமாக நான் ஆசைப்பட்டிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பிறகு வெற்றுக் கோதைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "விழுத்திப்போட்டன்." அவர் கையை நீட்டினார். என் கையைத்தான் கேட்கிறார் என்று கொடுத்தேன். அதைத் தள்ளிவிட்டுத் திரும்ப நீட்டினார். வெற்றுக் கோது வேண்டுமாம். கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துக் கழுத்தைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், திருப்பித் தந்தார்.

அந்தக் காலம் முடியும்வரை இன்னும் மூன்று நரி சுட்டேன். ஒன்றைத் தவறவிட்டேன், அது என்னுடைய அவசரம், சன்னத்தின் பிழையில்லை. பிறந்தவற்றில் பாதிக்கு மேல் பிழைத்தன. அவர் நெற்றியில் அடிப்பது நின்றது. பேச்சில் மூன்றாவது சொல் எதுவும் வரவில்லை. இப்போதும் இல்லை.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அந்த முதல் நரியைப் புதைக்கக் கிடங்கு வெட்டிவிட்டு, காலைப் பிடித்துத் தூக்கியபோது வயிற்றைக் கண்டேன். பெண் நரி. மடி நிறையப் பால். எங்கேயோ குட்டிகள் இருந்தன.

மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தேடப் போனேன். ஓடைக்கரைப் பாறைகள், விழுந்த மரங்களின் அடி, முட்பற்றை எல்லாம். மூன்று நாள் தேடினேன். கண்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து பால் கொடுத்திருப்பேனா, அல்லது அங்கேயே முடித்திருப்பேனா. இரண்டில் எதைச் செய்யவும் எனக்கு மனம் இருந்தது. மூன்றாம் நாள் பாறையில் காதை வைத்துக் கேட்டேன். காற்றுத்தான் கேட்டது.

நான்காம் நாள் விடிய, இன்னொரு ஆடு குட்டி போட நின்றது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பெட்டகத்தைத் திறந்து, துவக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போனேன்.